அச்சு அசலாக அதே டிஸ்க்

சனிக்கிழமை மதியம், பட்டறையில் ஈ காக்கா இல்லை. அந்த நேரம் பார்த்து லேப்டாப் 'டிக்… டிக்…' என்று சத்தம் போட ஆரம்பித்தது. அளவுக்காரி கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

அளவுக்காரி என்பது பட்டறையில் அவளுக்கு வைத்த பெயர். செயற்கைக் கால் செய்கிற இடம் அது. கால் இழந்தவர்கள் வந்து உட்கார்ந்தால், மிச்சமிருக்கும் காலைச் சுற்றி ஸ்கேனரை நகர்த்தி அளவெடுப்பவள் அவள். அளவெல்லாம் அந்த லேப்டாப்புக்குள் போகும். ஆறு மாதம் முன்பு வந்த, காலுக்கு அச்சு செதுக்குகிற மெஷினை ஓட்டும் புரோகிராமும் அதற்குள்தான். இப்போது நாற்பத்தொரு பேருடைய அளவு அதில் இருந்தது, வேறு எங்கேயும் இல்லை.

ஏன் இல்லை? அங்கேதான் வினை. வெள்ளிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் காப்பி எடுத்து அலமாரியில் பூட்ட வேண்டும், எடுத்தேன் என்று நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பட்டறையை நடத்தும் மேடத்தின் உத்தரவு. இரண்டு மாதம் ஒழுங்காகத்தான் எடுத்தாள். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு ஓடினாள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அடுத்த வாரமும் விழவில்லை. பழகிப்போயிற்று. ஒரு வருஷமாக வெறும் கையெழுத்துதான். அதுவும் என்ன அழகான கையெழுத்து!

லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் காதை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"டிஸ்க் சாகப் போகுதும்மா. இன்னும் ஒரே ஒரு தடவை முழுசாப் படிச்சா உங்க அதிர்ஷ்டம். விட்டுட்டுப் போங்க, செவ்வாய்க்கிழமை மாத்தித் தர்றேன்."

"ஐயோ, திங்கக்கிழமை காலையில எனக்கு வேணும்."

மூன்று டிஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்றைத் தட்டிக் காட்டினார். "இதை வாங்குங்க. உள்ளே சுத்துற பாகமே கிடையாது. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள லேப்டாப் எழுந்திரிச்சிடும்."

அதுதானே தொல்லை! மேடம் தினமும் காலையில் லேப்டாப்பைப் போட்டுவிட்டுக் கப் கழுவப் போவார். "கும்பகர்ணனை எழுப்பிட்டேன், பார்த்துக்கோ" என்பார். கும்பகர்ணன் திங்கட்கிழமை துள்ளி எழுந்தால் என்ன ஏது என்று கேட்க மாட்டாரா? டிஸ்க் மாற்றியது தெரிந்தால், காப்பி எங்கே என்பார். அப்புறம் நோட்டை எடுப்பார்.

"வேண்டாங்க. பழசு மாதிரியே கொடுங்க."

"அப்போ இது. பழைய ரகம்தான், ஆனா இடம் ரெண்டு மடங்கு."

"இடமும் அதே அளவு இருக்கணும். கம்பெனியும் அதே. அச்சு அசலா இதே மாதிரி."

கடைக்காரர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். நல்லதைச் சொன்னால் கேட்காதவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். மூன்றாவதையும் ஒதுக்கிவிட்டு, கீழ்த்தட்டில் துழாவி நான்காவதாக ஒன்றை எடுத்தார். அதே கம்பெனி, அதே அளவு, அதே லேபிள். லேப்டாப்பிலிருந்து பழைய டிஸ்க்கைக் கழற்றி, இரண்டு குழி உள்ள ஒரு சின்னப் பெட்டியோடு கொடுத்தார்.

"முன்குழியில பழசு, பின்குழியில புதுசு. பட்டனை அழுத்தினா முன்னால இருக்கிறது அப்படியே பின்னால போகும். பின்னால இருக்கிறது அழிஞ்சிடும். மாத்திப் போட்டீங்க, அவ்வளவுதான்! ரெண்டும் ஒரே மாதிரி வேற இருக்கு." புது டிஸ்க்கின்மேல் தேதி எழுதிய ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை அழுத்தி ஒட்டினார். "இதுதான் அடையாளம்."

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? அந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தாள். பின்னால் யாராவது லேப்டாப்பைத் திறந்து தேதியைப் பார்த்துவிட்டால்? ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் என்பார்களே, அந்தக் கணக்கில் இது எத்தனையாவதோ!

தங்கை எட்டிப் பார்த்தாள். "எதுக்குக்கா இந்தப் பாடு? மேடத்துக்கிட்ட உண்மையைச் சொல்லிட்டுப் போயேன்."

"நீ சும்மா இரு. வேலை போயிடும்டி."

தங்கை இரண்டு டிஸ்க்கையும் கையில் எடுத்துப் புரட்டினாள். "ரெட்டைப் பிள்ளைங்க மாதிரியே இருக்கு. இதுல எது பழசு?"

அளவுக்காரி வெடுக்கென்று பிடுங்கினாள். "இதுதான்."

"நிஜமாவா?"

"மில்லிமீட்டர் கணக்குல அளவெடுக்கறவ நான். என் கண்ணுக்குத் தெரியாதா?"

தெரியவில்லை. வலது கையில் இருந்ததன் ஓரத்தில் ஒரு கீறல் இருப்பது போல இருந்தது, அதுதான் பழசாக இருக்க வேண்டும். போட்டுப் பார்க்கலாம் என்றால், பழசு படிக்கப்போவதே இன்னும் ஒரு தடவைதான். கீறல் இருந்ததை முன்குழியில் வைத்தாள், மற்றதைப் பின்குழியில் வைத்தாள். பட்டனை அழுத்தினாள்.

பெட்டியில் இருந்த நான்கு விளக்கில் முதலாவது எரிந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

கொஞ்ச நேரம் போயிற்று. பாதி வேலை முடிந்ததைக் காட்டும் இரண்டாவது விளக்கும் எரிந்தது. அப்போது கேட்டது, 'டிக்…'

பின்குழியிலிருந்து.

"அக்கா, சத்தம் பழசுலதானே வரும்?" என்றாள் தங்கை.

பாய்ந்து போய் ஒயரைப் பிடுங்கினாள். பழைய டிஸ்க்கின் பாதிமேல் வெறுமையை எழுதி முடித்திருந்தது அந்தப் பெட்டி. கடைக்கு ஓடினாள். கடைக்காரர் மாட்டிப் பார்த்தார், மறுபடி மாட்டிப் பார்த்தார். மிச்சத்தையாவது மீட்கலாம் என்றால் டிஸ்க் எழுந்திருக்கவே இல்லை.

"ஸ்டிக்கர் எங்கேம்மா?" என்று கேட்டார். அவள் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடத்தின் எண்ணை எடுப்பதும் விடுவதுமாக இருந்தாள். காப்பியும் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாம், யார் கண்டது? ஆனால் அந்த நாற்பத்தொரு பேரில் ஒருவரான தபால்காரர் நாளைக்குக் காலை ஆட்டோ பிடித்து வந்து நிற்பாரே. அவருடைய கால்தான் முதலில் செதுக்க வேண்டியது. அவரையாவது தடுக்க வேண்டுமே என்று கூப்பிட்டாள்.

"சொல்லுங்கம்மா! நாளைக்கு என் கால் ரெடிதானே?"

"அண்ணே… உங்க அளவு அழிஞ்சுபோச்சு." குரல் உடைந்துவிட்டது.

அவர் சிரித்தார். "அட, இதுக்கா அழறீங்க? என் கால் எங்கே ஓடிடப் போகுது? வெட்டின இடத்துலயேதான் இருக்கு. வர்றேன், மறுபடி எடுத்துக்கங்க."

"மெஷினோட புரோகிராமும் போச்சுண்ணே. கம்பெனி ஆள் வந்து போட்டுத் தர மூணு வாரம் ஆகும்."

சிரிப்பு நின்றது. "இன்னும் ரெண்டு வாரத்துல, ஒண்ணாம் தேதி, போஸ்டாபீஸ்ல நான் நடந்து காட்டணும்மா. இல்லேன்னா என் தெருவெல்லாம் வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. காப்பி கீப்பி ஒண்ணும் எடுத்து வைக்க மாட்டீங்களா?"

பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"வைக்கணும்ணே. எடுத்ததா வாரா வாரம் கையெழுத்துப் போட்டேன். எடுக்கலை."

"மேடத்துக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலை. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

"எங்கிட்ட சொல்லி என்னம்மா பிரயோஜனம்?" என்றார் தபால்காரர். "ஒண்ணாம் தேதி நான் எதை மாட்டிக்கிட்டு நடக்கறது?"