ஐந்தாவது பாட்டு

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த இளைஞன் ஒவ்வொரு படமாக எடுத்துக் காட்டினான். குடை. நாற்காலி. சாவி. அக்கா மூன்றையும் பார்த்தாள். உதடு அசைந்தது. காற்று மட்டும் வந்தது.

“சாவின்னு சொல்லுங்கம்மா. சா...”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தாளம் தப்பிய மிருதங்கக்காரரை மேடையிலேயே தண்டிக்க அவள் இப்படித்தான் கண்ணை மூடுவாள். பக்கவாதம் அவளுடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. அந்தக் கண்மூடலை விட்டுவைத்திருந்தது.

கட்டிலின் கால்மாட்டில் அத்தான் நின்றிருந்தார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். மனைவியின் பயிற்சிக்காகக் காலை வேலையை விட்டு வந்திருந்தார்.

“என்ன வாத்தியாரே, தேறுமா?”

“மனசு விட்டுடாதீங்க சார். சொல்லெல்லாம் உள்ள பத்திரமாத்தான் இருக்கு. வாசக்கதவு அடைச்சிக்கிச்சு. சில பேருக்குப் பின்கதவு தொறக்கும். பேச வராது, ஆனா பாடுவாங்க. ஒரு வரி பாடிட்டாங்கன்னா போதும், அதப் பிடிச்சே பேச்ச வெளிய இழுத்துடலாம். சீக்கிரம் நடக்கணும், அவ்வளவுதான். நாள் போகப் போக அதுவும் இறுகிடும்.”

“இவ பழைய கச்சேரியெல்லாம் போட்டுப் பாத்தாச்சே. செவுத்துப் பக்கம் திரும்பிக்கறா. அழறா.”

“அவங்க குரலே அவங்களுக்குத் தாங்கல போல. வேற யாராவது பாடினதப் போடுங்க. ஆனா இவங்களுக்கு உயிரா தெரிஞ்ச பாட்டா இருக்கணும்.”

அத்தான் சட்டென்று திரும்பினார். ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்த தங்கையைப் பார்த்தார்.

“உன் ஆல்பம் இருக்கேம்மா! எல்லாமே இவ மெட்டுப் போட்டதுதானே!”

“போடறேன் அத்தான்,” என்றாள் தங்கை.

அந்த ஆல்பத்தை அக்காதான் பாடுவதாக இருந்தது. எட்டு பக்திப் பாடல்கள். ராகம், சங்கதி, எங்கே மூச்சு வாங்குவது என்பது வரை எல்லாம் அவள் வைத்தது. ஒலிப்பதிவுக்கு நாள் குறித்த பிறகு அவள் விழுந்தாள். கம்பெனிக்காரர்கள் யோசித்தார்கள். பக்கவாத்தியக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது, அறை எடுத்தாகிவிட்டது, பாட்டெல்லாம் தெரிந்த ஆள் வீட்டிலேயே இருக்கிறது. இத்தனை காலம் அக்காவுக்குப் பின்னால் தம்பூராவோடு உட்கார்ந்திருந்த தங்கை கண்ணாடி அறைக்குள் நுழைந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

தங்கையின் பாட்டைப் பற்றி அக்கா ஒருமுறை விருந்தாளிகள் முன்னால் சொன்னதுண்டு: “அவ பாட்டு தலகாணி மாதிரி. சாஞ்சுக்கலாம், சுகமா இருக்கும். உயரம் மட்டும் கேக்காதீங்க.” எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும்தான். சிரித்துக்கொண்டே காப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இப்போது அந்தத் தலையணை வானொலியில் வருகிறது. கம்பெனி இரண்டாவது ஆல்பத்துக்குக் கேட்டிருக்கிறது. அதுவும் அக்காவின் மெட்டுகள்தான். அக்கா எழுந்து உட்கார்ந்து வாயைத் திறந்தால் அதை யார் பாடுவது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. தங்கைக்கும் வரவில்லை.

மத்தியானம் அத்தான் கடைக்குப் போன பிறகு அவள் சிறிய ஸ்பீக்கரைக் கட்டில் பக்கத்தில் வைத்தாள்.

“கேளுக்கா. என்ன, காதையும் மூடிக்கப் போறியா?”

முதல் பாட்டில் அக்கா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். இரண்டு, மூன்று, நான்கு. தெருவில் ஒருவன் காலி டப்பாவை உதைத்துக்கொண்டு போகும் ஓசை கேட்டது. வெயில் தரையில் ஒரு வெளிர்ந்த விரிப்பைப் போல் கிடந்தது. அந்த அறை முழுவதும் தண்ணீருக்கு அடியில் இருப்பதாகவும், தானும் அக்காவும் இரண்டு பழைய மீன்கள் என்றும் தங்கைக்குத் தோன்றியது.

ஐந்தாவது பாட்டு கல்யாணி. ‘நீ வரும் திசையெல்லாம் விழியாகி நின்றேனே.’ ‘நின்றேனே’ என்ற சொல் கீழிருந்து சுற்றிச் சுற்றி ஏறி, மேல் காந்தாரத்தைத் தொட்டு, அங்கேயே கொஞ்சம் நடுங்கி நிற்க வேண்டும். அக்கா வைத்த சங்கதி அது. ஒலிப்பதிவில் தங்கை அதற்கு முட்டி மோதிப் பார்த்தாள். மூச்சு பாதியில் இறங்கிவிட்டது. கடைசியில் சுற்றல்களை விட்டுவிட்டு நேராக மேலே போய்த் தொட்டாள். படி ஏறாமல் லிஃப்டில் போகிறவளைப் போல. “சிம்பிளா இருக்கு மேடம், இதே இருக்கட்டும்,” என்றார் ஒலிப்பதிவாளர். யாரும் கண்டுபிடிக்கவில்லை. பத்திரிகையில் ஒருவர் அந்த எளிமையைத் தனியாகப் பாராட்டியும் எழுதிவிட்டார்.

ஸ்பீக்கரில் ‘நின்றேனே’ வந்து போனது. வயலின் அதைத் திருப்பி வாசித்தது.

அப்போது அக்கா பாடினாள்.

துருப்பிடித்த குரல். ஆனால் சொல் முழுதாக வந்தது. ‘நின்றேனே’. அது சுற்றியது, ஏறியது, வழியில் ஒரு படியையும் விடவில்லை. மேலே போய்த் தொட்டு நடுங்கி நின்றது. வாயோரம் எச்சில் வழிந்தது.

தங்கையின் கை தானாகவே ஓடிப்போய் அக்காவின் தோளைப் பிடித்தது. அந்தக் கணத்தில் அவளுக்குச் சந்தோஷம்தான் இருந்தது. அத்தானைக் கூப்பிட வேண்டும் என்று தொலைபேசியை எடுத்தும்விட்டாள். பிறகு, தான் கேட்டது நிஜம்தானா என்று பார்க்க அந்த இடத்தை மறுபடி போட்டாள்.

அக்கா மறுபடி பாடினாள். இன்னும் தெளிவாக. பாடி முடித்து, தலையை மெல்லத் திருப்பி, தங்கையின் முகத்தைப் பார்த்தாள். உதடு கூடியது. பிரிந்தது. மறுபடி கூடியது.

“தப்பு,” என்றாள்.

விழுந்ததிலிருந்து அவள் பேசிய முதல் சொல்.

தங்கை தொலைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். ஸ்பீக்கரை நிறுத்தினாள். அக்காவின் வாயைத் துணியால் துடைத்துவிட்டாள், நன்றாக அழுத்தி.

“அதான் எனக்குத் தெரியுமே,” என்றாள்.

சாயங்காலம் அத்தான் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

“வாயத் தொறந்தாளா?”

“இல்ல அத்தான். எட்டுப் பாட்டும் போட்டேன்.”

அக்கா ஸ்பீக்கரையே பார்த்தாள். பிறகு அத்தானைப் பார்த்தாள். மறுபடி ஸ்பீக்கரை. இடது கை போர்வையைப் பிடித்து இழுத்தது.

“என்ன சொல்றா?” அக்கா எதைச் சொல்ல வருகிறாள் என்பதை இப்போதெல்லாம் வீட்டில் எல்லோரும் தங்கையிடம்தான் கேட்டார்கள்.

“சத்தம் பிடிக்கலையாம். எடுத்துடச் சொல்றாங்க.”

அத்தான் ஸ்பீக்கரை எடுத்து அலமாரியின் மேல் வைத்தார். அக்கா கண்ணை மூடவில்லை.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் பயிற்சி இளைஞன் தன் தொலைபேசியிலிருந்து என்னென்னவோ பாட்டுகளைப் போட்டான், தாலாட்டு, சினிமா, குழந்தைப் பாட்டு. அக்கா பேசாமல் கிடந்தாள்.

“மேடம், உங்க ஆல்பத்துக்குக்கூட ஒண்ணும் இல்லையா?”

“தினமும் போடறேன் தம்பி. கல்லு மாதிரி கெடக்கறாங்க.”

அவன் படங்களைப் பைக்குள் அடுக்கினான். இனி தான் வருவதில் பலனில்லை என்பதை வாசலில் நின்று அத்தானிடம் தணிந்த குரலில் சொன்னான்.

மறுநாள் விடுமுறை. அத்தான் அலமாரி மேலிருந்து ஸ்பீக்கரை இறக்கினார்.

“இன்னிக்கு நானே போடறேன். நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி, சண்டை இருக்கும். எனக்காகப் பாடுவா.”

“போடுங்க அத்தான். நானும் கேக்கறேன்.”

தங்கை அடுக்களைக்குப் போய் ஒரு வாழைப்பழத்தைக் கிண்ணத்தில் மசித்துக்கொண்டு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அத்தான் நாற்காலியை நெருக்கிப் போட்டு மனைவியின் இடது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் அவள் முகத்தருகே குனிந்து பார்த்தார். ஒரு பாட்டு. இன்னொன்று. மூன்றாவது முடிந்தபோது அக்காவின் மூச்சு மாறத் தொடங்கியது. நான்காவது முடிந்தது. ஸ்பீக்கரில் தம்பூரா மட்டும் ஓடியது. கல்யாணி வரப்போகிறது.

அக்கா வாயைத் திறந்தாள்.

“ஏய்! பாரு, வாயத் தொறக்கறா!” அத்தான் எழுந்தேவிட்டார்.

“பசி அத்தான்,” என்றாள் தங்கை. “இந்த நேரத்துக்கு இப்படித்தான் கேப்பாங்க.”

ஸ்பூனை உள்ளே வைத்தாள். நாக்கின் மேல், நன்றாகப் பின்னால்.

அத்தான் நின்ற இடத்திலேயே நின்றார். “பசியா...” என்றார். பிறகு, “பாவம், சாப்பிடும்போது பாட்டு எதுக்கு, பொரையேறிடும்,” என்று தானே குனிந்து ஸ்பீக்கரை நிறுத்தினார்.

அக்கா விழுங்கினாள். விழுங்கித்தான் ஆகவேண்டும். கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக வழிந்தது. அவள் மறுபடி வாயைத் திறந்தபோது அடுத்த ஸ்பூன் அங்கே இருந்தது.

“நல்லா சாப்பிடறா, இல்ல?”

“ஆமா அத்தான்,” என்றாள் தங்கை. “என் கையால குடுத்தா சாப்பிடுவாங்க.”