காரணம்: ஈரத்தரை

இருநூற்றுப் பதினோரு நாள்களாக எங்கள் ஆய்வகத்தில் விபத்து எதுவும் நடக்கவில்லை என்று வாசலில் மாட்டியிருந்த பலகை சொன்னது. தினமும் காலையில் அந்த எண்ணை அழித்து எழுதுவது என் வேலை. அதே இருநூற்றுப் பதினோரு நாள்களில் நான் நான்கு முறை விழுந்திருந்தேன்.

நான்கையும் யாரும் பார்க்கவில்லை. கண்ணாடி உடைந்தாலோ யாருக்காவது இரத்தம் வந்தாலோதான் எங்கள் கணக்கில் அது விபத்து. முழங்கால் சிராய்ப்பு பேன்டுக்குள் இருந்தால் சேராது.

குடிநீரைச் சோதிக்கும் ஆய்வகம் எங்களுடையது. பல தெருக்களிலிருந்து புட்டிகளில் தண்ணீர் வரும். அதைச் சின்னச் சின்னத் தட்டுகளில் இட்டு, முப்பத்தைந்து டிகிரி சூட்டில் ஒரு நாள் வைத்து, மறுநாள் எத்தனை புள்ளிகள் முளைத்திருக்கின்றன என்று எண்ணுவேன். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிருமிக் கூட்டம். பேசாமல் செய்யக்கூடிய வேலை. எனக்குப் பேச வராது, எண்ண வரும்.

விழுவதற்கான காரணம் எனக்குத் தெரியும். பதினான்கு மாதங்களுக்கு முன்பு நரம்பு மருத்துவர் என் மூளையின் படத்தில் வெள்ளைத் திட்டுகளைக் காட்டினார். நரம்புகளின் மேலுறை அங்கங்கே அரித்துப் போயிருக்கிறது. மூளை அனுப்பும் செய்தி இடது காலுக்குத் தாமதமாகப் போய்ச் சேருகிறது. தூக்க வேண்டிய நேரத்தில் பாதத்தின் நுனி தூக்காது. உடம்பு சூடானால் இன்னும் மோசம். களைப்பும் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டாம்.

நோயின் பெயரை நான் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மா "அந்த நரம்பு விஷயம்" என்பார். ஆய்வகத்தில் யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது என்றிருந்தேன். முதுகு வலி என்று வாய் தவறிச் சொன்ன ஒரு சீனியரை, பாவம் ஓய்வாக இருக்கட்டும் என்று கோப்பு அறைக்கு மாற்றினார்கள். மூன்று வருடங்களாக அவர் ஒரு புட்டியைத் தொடவில்லை.

வாரத்தில் இரண்டு மாலை பிசியோதெரபிஸ்ட்டிடம் போவேன். அவருக்கும் ஏறக்குறைய என் வயதுதான். முதல் நாளே கேட்டார்.

"இதுவரைக்கும் எத்தனை தடவை விழுந்திருக்கீங்க?"

"அப்படிப் பெருசா ஒண்ணும் இல்ல."

"ஓ, மீசையில மண் ஒட்டாத கட்சியா நீங்க?"

சிரித்துவிட்டேன். உண்மையான எண்ணிக்கையையும் சொல்லிவிட்டேன்.

"விழாம நடக்கப் பயிற்சி தரேன். ஆனா அது பாதிப் பாடம்தான். விழுந்தா எழுந்திருக்கறது மீதிப் பாதி. படுங்க" என்று என்னைத் தரைவிரிப்பில் படுக்க வைத்தார்.

விழுந்தவுடன் பதறி எழக் கூடாது. முதலில் மூச்சு. பிறகு எங்கே அடி என்று பார்க்க வேண்டும். ஒருக்களித்துத் திரும்பி, கையையும் முழங்காலையும் ஊன்றி, நாற்காலிவரை தவழ வேண்டும். இருக்கையில் இரண்டு கைகளையும் வைத்து, பலமான காலை முன்னால் ஊன்றி, தள்ளி எழ வேண்டும். முதல் வாரம் எனக்கு நான்கு நிமிடம் பிடித்தது. மூன்றாவது மாதத்தில் நாற்பது விநாடி.

"பிரமாதம். வேலை பாக்கற இடத்துல சொல்லிட்டீங்களா?"

"சொல்லணும்."

"இதைத்தான் போன மாசமும் சொன்னீங்க."

ஐந்தாவது முறை விழுந்தபோது பிற்பகல் மூன்றேகால். காலிப் புட்டிகளை நீராவியில் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவ் அறை, ஆய்வகத்திலேயே சூடான இடம். பன்னிரண்டு புட்டிகள் கொண்ட தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினேன். கையில் தட்டு இருந்தால் கால் எங்கே போகிறது என்று பார்க்க முடியாது. இடது ஷூ தரையில் உரசியது தெரிந்தது. அடுத்த கணம் நான் கீழே கிடந்தேன். புட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடையும் சத்தம் நான் எதிர்பார்த்ததைவிட நீளமாக இருந்தது.

மூச்சு. அடி? உள்ளங்கையில் சின்னக் கீறல். கண்ணாடி இல்லாத பக்கமாக ஒருக்களித்தேன். ஸ்டூல்வரை தவழ்ந்து, வலது காலை ஊன்றி எழுந்து நின்றேன்.  உள்ளுக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சி எட்டிப் பார்த்தது. யார் உதவியும் இல்லாமல் எழுந்துவிட்டேன்.

"அசையாத பாப்பா. அங்கேயே நில்லு."

தரை துடைக்கும் அக்கா. கையில் காலி வாளியும் உலர்ந்த மாப்பும். அப்போதுதான் வேலையைத் தொடங்க வந்திருந்தார். துடைப்பத்தை எடுத்து வந்து கண்ணாடியை ஒதுக்கி, நான் நடக்க வழி செய்தார்.

"கால் இடறிடுச்சுக்கா" என்றேன்.

"இடது கால்."

நான் குனிந்து ஷூவைப் பார்த்தேன்.

"காலையில தரையில ஒரு கோடு இருக்காது. மத்தியானத்துக்கு மேல இங்கேருந்து உன் மேசை வரைக்கும் கறுப்புக் கோடு. இடது பக்கம் மட்டும். உன் ஷூ நுனி. தெனமும் தேய்ச்சு எடுக்கறவளுக்குத் தெரியாதா?"

"எத்தனை நாளா தெரியும்?"

"ஆறு மாசம் இருக்கும். இங்க கெடந்த ரப்பர் விரிப்பை யார் எடுத்தாங்கன்னு நெனச்ச? ஓரம் சுருண்டிருந்துச்சு. உன் கால் மாட்டியிருக்கும்."

"ஏன்கா கேக்கவே இல்ல?"

"நீ பேசுற ஆளா? வணக்கம் சொல்லவே உனக்கு ஒரு வாரம் ஆச்சு."

கதவு திறந்தது. எங்கள் தலைவர். உயரம், ஒல்லி, கீழே போகப் போகக் கூர்மை. அதனால் நாங்கள் நீரை உறிஞ்சி அளக்கும் கண்ணாடிக் குழாயின் பெயரே அவருக்கும், பிப்பெட். அது அவருக்கும் தெரியும். கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், கடைசியில் வாளியைப் பார்த்தார்.

"ஈரமா விட்டுட்டீங்களா?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆமா சார்" என்றார்.

நான் வாளியைப் பார்த்தேன். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.

ஐந்து நிமிடம் கழித்து நாங்கள் மூவரும் பிப்பெட்டின் அறையில் இருந்தோம். என் கையில் கட்டுப் போட்டிருந்தது. நான் நாற்காலியில், அக்கா நின்றபடி. விபத்துப் படிவத்தைப் பிப்பெட் மேலிருந்து நிரப்பிக்கொண்டு வந்தார். நேரம். இடம். உடைந்தவை, ஒன்பது.

"முகத்தை ஏன்மா இப்படி வெச்சிருக்க? ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றார் என்னிடம். 'காரணம்' என்ற கட்டத்தில் 'ஈரத்தரை' என்று எழுதினார். பிறகு அக்காவிடம் படிவத்தைத் திருப்பி வைத்தார். "இங்க ஒரு கையெழுத்து. உங்க பேர்ல இது ரெண்டாவது புகார். ஒப்பந்தக்காரர் உங்களை வேற கட்டடத்துக்கு மாத்திடுவார். அது என் கையில இல்ல."

அக்காவின் கை பேனாவுக்கு அருகில் நின்றது. தன் பேரில் ஏற்கெனவே ஒரு புகார் இருந்ததை அவர் மறந்தே போயிருக்க வேண்டும். அவர் வீடு இங்கிருந்து இரண்டு தெரு. ஒப்பந்தக்காரரின் மற்ற கட்டடத்துக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும்.

"சரி சார்" என்றார். குரல் சற்று இறங்கியிருந்தது.

"தரை காஞ்சிருந்தது சார்."

அது என் குரல்தான். பிப்பெட் நிமிர்ந்தார்.

"என்னம்மா?"

"அக்கா இன்னும் துடைக்கவே ஆரம்பிக்கல. வாளியில தண்ணியே இல்ல."

"நீ சும்மா இரு பாப்பா" என்றார் அக்கா.

"நீங்க இருங்கக்கா."

அந்த அறையில் யாரையும் நான் அப்படி அடக்கியதில்லை. அக்கா வாயை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"அப்ப எதுல வழுக்கினே?"

"வழுக்கல சார். கால் தூக்கல." நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன் என்று தெரிந்தது. நிறுத்தாமல் பேசினேன். "ஆட்டோகிளேவ் வேலையைக் காலையில எனக்குக் குடுங்க. அப்ப கால் நல்லா இருக்கும். தட்டைத் தூக்கறதுக்குப் பதிலா ஒரு தள்ளுவண்டி வேணும். பிடிச்சுக்கிட்டே நடந்துடுவேன், எதுவும் உடையாது. கோப்பு அறைக்கு மட்டும் அனுப்பாதீங்க சார். எனக்கு எண்ணற வேலை பிடிக்கும். நல்லா செய்வேன்."

நான்கு வருடத்தில் நான் அவரிடம் பேசிய மொத்தத்தையும்விட இது அதிகம். பிப்பெட் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நல்லா செய்யறேன்னு எனக்குத் தெரியாதா? ஆனா இருபத்தாறு வயசுப் பொண்ணுக்குத் தள்ளுவண்டி எதுக்கும்மா?"

இடது கால் மேசைக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. பரவாயில்லை, உட்கார்ந்துதான் இருந்தேன். அவர் 'ஈரத்தரை'யை அடித்துவிட்டுப் பேனாவுடன் காத்திருந்தார்.

"எழுதிக்குங்க சார். எனக்கு மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ்."