நாலரை மணிக் கஞ்சி

“கடைசியா எப்பம்மா சாப்பிட்டான்?” என்று மயக்க மருந்து டாக்டர் ரோஸ்லின் கேட்டதும் வெள்ளச்சிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தெரிந்த கேள்வி வந்த பரீட்சைப் பிள்ளை மாதிரி பட்டென்று பதில் சொன்னாள்.

“நாலரைக்குங்க. ராகிக் கஞ்சி, பால் ஊத்தி, ஒரு கிண்ணம் நெறைய. கொஞ்சம் கூட மிச்சம் வெக்கலீங்க. பாய் சொன்னபடியே செஞ்சனுங்க.”

கதவோரம் நின்றிருந்த ஜாபர் உசேன் பெருமையோடு ஒரு எட்டு முன்னால் வந்தார். பாராட்டை ஏற்றுக்கொள்ளத் தயாராக வந்தவர் டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். ரோஸ்லின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி எட்டேகால். எட்டரைக்கு ஆபரேஷன். கையில் இருந்த ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிக் கோட்டுப் பையில் வைத்தார்.

“இன்னிக்கு முடியாதும்மா” என்றார்.

ஜாபர் உசேனைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடவேண்டும். சேந்தமங்கலத்தில் மிளகும் வாழைத்தாரும் வாங்கி விற்கிற மனிதர். இருபத்தைந்து வருடமாகக் கொல்லிமலைக்கு வண்டி ஏற்றுகிறார். எழுபது கொண்டை ஊசி வளைவும் அவருக்கு உள்ளங்கை ரேகை. நல்ல மனிதர், அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எதிலும் தனக்கு ஒரு படி கூடத் தெரியும் என்கிற எண்ணம் உண்டு. டாக்டர் மூன்று வேளை சாப்பிடச் சொன்ன மாத்திரையை, ‘மத்தியானம் வெயிலு, சூடு பண்ணிரும்’ என்று இரண்டு வேளையாக்கிக் கொள்கிற ரகம்.

இந்த முகாம் மலைக்கு வருகிறது என்று கிராமச் செவிலியர் ஆரோக்கியமேரி சொன்ன நாளிலிருந்து மனுசர் ஓயவில்லை. உதடு பிளந்து பிறந்த குழந்தைகளுக்கு ஒட்டிவிடுகிற டாக்டர்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊர். சொந்த வேலைக்கு நாலு நாள் லீவு போட்டுவிட்டு, மயக்க மருந்து மெஷினைப் பெட்டி பெட்டியாகக் கட்டி எடுத்துக்கொண்டு, செம்மேட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பழைய ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். கூலி கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆக்சிஜன் சிலிண்டர்களை மலை ஏற்றிக் கொடுத்தது ஜாபரின் பிக்கப் வண்டிதான். ஒவ்வொரு வளைவிலும் சிலிண்டர் உருளாமல் இருக்க வாழைச் சருகை மூட்டை மூட்டையாக இடையில் திணித்து ஏற்றினார்.

மலைமேல் தேவனூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில் அவருக்கு மிளகு கொடுக்கிற செங்கோடனின் மகன் மாதேஸ்வரன். பதினொரு மாதம். மூக்கு வரைக்கும் மேலுதடு பிளந்து பிறந்தவன். வெள்ளச்சி சந்தைக்கு வந்தால் குழந்தை முகத்தில் துண்டு போட்டுத்தான் வருவாள். யாராவது துண்டை விலக்கிப் பார்த்து ‘ஐயோ’ என்றால் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடமாட்டாள். செங்கோடன் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. கத்தி வைத்தால் உயிர் போய்விடும் என்று பயம். மூன்று மாதம், மிளகு எடைபோடும் போதெல்லாம் பேசிப் பேசித்தான் ஜாபர் அவன் மனதைக் கரைத்தார். “என் பேத்தி நஸ்லினா இருந்தா நான் கூட்டிட்டுப் போவனா மாட்டனா? எம்மேல நம்பிக்கை இருந்தா வா” என்றார் கடைசியாக. அவர்மேல் இருந்த நம்பிக்கையில்தான் வந்தான்.

முந்தின நாள் மாலையே குழந்தையைச் சேர்த்திருக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டது. கூட்டிவரப் போன ஜாபரும் ஓடையில் தண்ணீர் இறங்காமல் செங்கோடன் வீட்டிலேயே தங்க நேர்ந்தது. ஆரோக்கியமேரி போனில் தெளிவாகத்தான் சொன்னாள்: “விடியக்காலம் கூட்டிட்டு வந்துருங்க பாய். ராத்திரி ரெண்டு மணிக்கு மேல எதுவும் குடுக்கக்கூடாது. மறந்துராதீங்க, ரெண்டு மணி.”

மறக்கவில்லை. திருத்திவிட்டார். ரெண்டு மணிக்கு யாராவது குழந்தைக்கு ஊட்டுவார்களா? இந்த நர்ஸம்மாவுக்குப் பட்டினியைப் பற்றி என்ன தெரியும்? நாற்பது வருடமாக நோன்பு பிடிக்கிறவர் அவர். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டால் பகல் பொழுது எப்படி ஓடும் என்று அவருக்குத் தெரியாதா? “வெள்ளச்சி, தூங்கட்டும் உடு. நாலரைக்கு எழுப்பி நல்லா ஊட்டிப்போடு. அதுக்கப்புறம் தண்ணி கூட காட்டாதே. பையன் பசின்னு அழமாட்டான் பாரு” என்றார். அவரே எழுந்து அடுப்புக்கு விறகு தள்ளிக் கொடுத்தார். பையன் குடித்து முடித்ததும், ‘எப்படி நம்ம யோசனை’ என்று செங்கோடனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

“நாந்தாங்க டாக்டர் சொன்னேன்” என்றார் இப்போது. “பையன் பசி தாங்கமாட்டானேன்னு… அந்தம்மா மேல தப்பு இல்லீங்க.”

ரோஸ்லின் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலாம். “ஐயா, பசிக்காக இல்ல. மயக்கம் குடுத்ததும் வயித்துல இருக்கிறது மேல வரும். நுரையீரலுக்குள்ள போயிட்டா பிள்ளை நம்ம கையிலயே போயிரும். பாலு, கஞ்சி எதுன்னாலும் ஆறு மணி நேரம் ஆகணும்” என்றார். பிறகு வெள்ளச்சியின் தோளைத் தொட்டார். “நீங்க மறைக்காம சொன்னீங்களேம்மா. அதுக்குத்தான் நன்றி சொல்லணும்.”

“பத்தரைக்கு மேல செய்யலாங்களா?” என்று கேட்டார் ஜாபர்.

“பத்தரைக்கு இவன எடுத்தா, பின்னால இருக்கிற நாலு பிள்ளைகளும் ஒரு மணி நேரம் கூடுதலா வெறும் வயித்துல கிடக்கணும். அது நியாயம் இல்லையே. கடைசிப் பிள்ளை முடியவே ரெண்டரை ஆயிரும். முகாம் இன்னிக்கோட முடியுது. மூணு மணிக்கு எங்க வண்டி எறங்குது, சேலத்துல ரயிலு.” கொஞ்சம் நிறுத்தி, “பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த முகாம் வர ஒரு வருடம் ஆகுமாம். ஆரோக்கியமேரிதான் சொன்னாள்.

செங்கோடன் ஜாபரைப் பார்க்கவில்லை. சுவரோடு குந்தி, ஈரத் தலைத்துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான். ‘ஏனுங்க பாய், இப்படிப் பண்ணிப்போட்டீங்களே’ என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் ஜாபருக்கு மூச்சாவது விட முடிந்திருக்கும். மறுபடி ஒரு வருடம் கழித்து இவன் வரமாட்டான். அது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இந்தப் பயல் வளர்ந்து, பள்ளிக்கூடம் போய், நாலு பிள்ளைகள் கூடிச் சிரித்து… யா அல்லாஹ், ஒரு கிண்ணம் கஞ்சியில் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று நெஞ்சு பதறியது.

ஆபரேஷன் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆறு குழந்தைகளின் பெயர். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் ஒரு நேரம்: ரெண்டு, மூன்று, நாலு என்று. “இது என்னம்மா?” என்று ஆரோக்கியமேரியைக் கேட்டார்.

“யாருக்கு எப்ப கடைசிப் பாலுன்னு டாக்டரம்மா போட்டது. ‘எந்தப் பிள்ளையும் தேவைக்கு மேல அஞ்சு நிமிசம் கூடப் பசியில கிடக்கக் கூடாது’ம்பாங்க. உள்ள போற முறைக்கு ஏத்த மாதிரி ஒவ்வொருத்தருக்கும் ஒரு நேரம். நேத்து நைட்டு அவங்களே வார்டுக்கு வந்து ஒவ்வொரு தாயையும் எழுப்பிவிட்டு ஊட்ட வச்சாங்க. காலையில எட்டுக்கு மறுபடி நிக்கிறாங்க. எப்பத் தூங்குறாங்களோ தெரியல.”

ஜாபர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். முதல் வரியில் மாதேஸ்வரன்; நேரே ரெண்டு மணி. பிள்ளையின் பசியைப் பற்றி இந்த உலகத்தில் தான் ஒருவர்தான் யோசித்ததாக அவர் நினைத்திருந்தார். முகம் தெரியாத பிள்ளைக்காக எங்கிருந்தோ வந்த ஒரு பெண் அதைப் பேப்பர் போட்டு, மணி போட்டு, கண் விழித்து யோசித்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு ஒரு பெரிய மரியாதையும் வந்தது. அறுபது வயதில் ஒருவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

ஒன்பதரைக்கு இரண்டாவது குழந்தையை உள்ளே எடுத்தார்கள். பத்தரைக்கு மூன்றாவது. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் மூவரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். பதினோரு மணிக்கு மாதேசு அழ ஆரம்பித்தான். தாய் மடியில் பால் வாசனை வர வர அழுகை கூடியது. வெள்ளச்சி தாங்கமாட்டாமல் மாராப்பில் கை வைத்தபோது, ஜாபர் கை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சில்வர் ஓக் மரங்கள், ஒவ்வொன்றிலும் மிளகுக் கொடி. மழை விட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது. தோளில் போட்டுத் தட்டியபடி நடந்தார். தாலாட்டெல்லாம் அவருக்கு வராது. வாயில் வந்ததைச் சொன்னார். “ஒண்ணாம் வளைவு, கண்ணு. ஆரன் அடிச்சாச்சு. ரெண்டாம் வளைவு, எதுக்க லாரி வருது, ஒதுங்கிக்கலாம் சாமி. மூணாம் வளைவு…” இருபதாவது வளைவில் அழுகை விசும்பலானது. நாற்பத்து மூன்றாவது வளைவில் தூங்கிவிட்டான். ஆரோக்கியமேரி டீ கொண்டுவந்து நீட்டினாள்.

“வேண்டாம்மா. பையன் குடிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்.

பன்னிரண்டரைக்கு ரோஸ்லின் வெளியே வந்தார். நெற்றியில் தொப்பி அழுத்திய தடம். நேராக மரத்தடிக்கு வந்து, தூங்குகிற குழந்தையின் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார்.

“அதுக்கப்புறம் எதுவும் குடுக்கலையே?”

“எங்க அம்மா மேல ஆணையா இல்லீங்க.”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “முழிச்சதும் சர்க்கரைத் தண்ணி அஞ்சாறு ஸ்பூன் குடுங்க. வெறும் தண்ணி, பால் இல்ல. அதுக்கு மேல ஒண்ணும் கூடாது. இந்தத் தடவை நான் சொன்னபடி.” சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். எதற்காக இந்தத் தண்ணீர் என்று கேட்க ஜாபருக்கு வாய் வரவில்லை. கேட்டால் பதில் மாறிவிடுமோ என்று பயம்.

ரெண்டே முக்காலுக்குக் கடைசிக் குழந்தை வெளியே வந்தது. வாசலில் வேன் வந்து நின்றது. பெட்டிகள் ஏறின. மயக்க மருந்து மெஷின் மட்டும் ஏறவில்லை. ஆபரேஷன் செய்கிற டாக்டர் மணிவண்ணனும் ரோஸ்லினும் வாசலில் நின்று பேசினார்கள். மணிவண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார், போனை எடுத்து, “நாளைக்கு ஓ.பி.யை வேற யாரையாவது பாக்கச் சொல்லுங்க” என்று யாரிடமோ சொன்னார். வேன் கிளம்பியது. அவர்களும் இன்னும் இரண்டு பேரும் கையசைத்துவிட்டு உள்ளே திரும்பினார்கள்.

“எங்க அந்த நாலரை மணிக் கஞ்சிக்காரன்?” என்றார் ரோஸ்லின்.

ஜாபருக்குக் கண்ணில் தண்ணீர் தளும்பிவிட்டது. வெள்ளச்சி குழந்தையைக் கொடுத்துவிட்டு, மூடிய கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். செங்கோடன் எழுந்து நின்றான். முக்கால் மணி நேரம் என்றார்கள். ஒரு மணி ஆனது. ஒன்றேகால் ஆனது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் இல்லை. செங்கோடன் தலைத்துண்டை முறுக்கிக்கொண்டே நிற்பதை ஜாபர் பார்த்தார். போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தார், தைரியம் வரவில்லை.

உள்ளேயிருந்து மாதேசு வீறிட்டு அழுதான். அடேயப்பா, அந்த அழுகை! மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கட்டிலில் கிடத்தியபோது வெள்ளச்சி குனிந்து பார்த்தாள். வீங்கியிருந்தது, நூல் தையல் தெரிந்தது. ஆனால் மேலுதடு முழுசாக இருந்தது. விரலைக் கொண்டுபோனாள், தொடப் பயந்து பின்னால் இழுத்தாள். “எம் பையனுங்களா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். ரோஸ்லின் நாடியைப் பிடித்தபடி கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். நன்றாக விழிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. வெளியே மலைக்கு மஞ்சள் வெயில் வந்திருந்தது.

“இப்பப் பால் குடுக்கலாம். ஸ்பூன்ல, ஓரமா, மெதுவா” என்றார்.

ஆரோக்கியமேரி கிண்ணத்தை வெள்ளச்சியிடம் நீட்டினாள். அவள் பிள்ளையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்; கை நீட்டவில்லை. செங்கோடன் அதை வாங்கினான். ஒரு நிமிடம் கிண்ணத்தையே பார்த்தான். பிறகு கதவோரம் நின்றிருந்தவரிடம் கொண்டுபோய் நீட்டினான்.

“நீங்க குடுங்க பாய்” என்றான். காலையிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை.

“நானா? வேண்டாம்ப்பா, எங்கையி…”

“நீங்கதாங்க குடுக்கோணும்.”

ஜாபர் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு டாக்டரைப் பார்த்தார். “குடுக்கலாங்களா?”

“குடுங்க.”

ஸ்பூனில் பாலை எடுத்தார். பாதி வழியில் நிறுத்தினார். “நெசமாவே குடுக்கலாங்களா டாக்டர்? மணி என்னங்க ஆச்சு?”

“ஐயா, குடுங்க” என்றார் ரோஸ்லின்.

ஸ்பூனை உதட்டோரம் வைத்தார். பால் உள்ளே இறங்கியது. மாதேசு ஸ்பூனைச் சுற்றி இரண்டு உதட்டையும் மூடினான். மூடியவன் விடவில்லை. இழுத்தால் வலிக்குமோ, தையல் பிரியுமோ என்று ஜாபர் குனிந்த வாக்கிலேயே, முதுகு வலிக்க வலிக்க, கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.