நாற்பது லட்சம் போதாது

ரேணுகாம்பாள் மாமனாரின் பழைய வேட்டியைக் கிழித்து நெய்ப்பந்தங்களுக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள். மாமனார் கண்ணாயிரம் கூடத்தில் மூக்கில் பஞ்சோடு கிடத்தப்பட்டிருந்தார். விடியற்காலையில் சாயக் கொப்பரைக்கு அடியில் தீ மூட்டியவர், பட்டு நூலை முக்குவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான், போய்விட்டார். இப்போது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பாடை கட்டியாகிவிட்டது. பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்துச் சுற்றிவந்தால் தூக்கிவிடலாம். அந்தப் பேரப்பிள்ளைகள்தான் இல்லை.

"நல்லா சுத்தும்மா. சுத்தத் தெரிஞ்ச கைக்குப் பெக்கத் தெரியல" என்றாள் அங்கம்மாள்.

அங்கம்மாள் கண்ணாயிரத்தின் தங்கை. ஓரிக்கையிலிருந்து வந்தவுடன் ஒரு கண்ணால் அழுதுகொண்டே மறு கண்ணால் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டாள். துக்க வீட்டில் அவளுக்கு என்றைக்குமே அழுகையைவிட அலுவல்தான் அதிகம்.

ரேணு அடுத்த பந்தத்தை எடுத்துச் சுற்றினாள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் இதைவிட நல்லதெல்லாம் கேட்டிருக்கிறாள். அரசமரத்தைச் சுற்றினாள். ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தைச் சுற்றினாள். லேடி டாக்டர்கள் எல்லோரும் பார்த்துவிட்டு, உன்னிடம் ஒரு குறையும் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். குறை இல்லை என்று சொன்னால் ஊர் நம்புமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மாமனார் ஒருவர்தான் வேறு மாதிரி. எதிர்வீட்டுச் சுவரில் சிவப்பு முக்கோணம் வரைந்து 'இரண்டு அல்லது மூன்று குழந்தைகள் போதும்' என்று எழுத வந்த ஆளிடம், "ஒண்ணக் குடுத்துட்டு அப்புறம் போதும்னு சொல்லுங்கப்பா" என்று சண்டைக்குப் போனார். அன்று சாயங்காலமே மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"தர்மா, துணியில குத்தம் வந்தா குறுக்க ஓடுற ஊடைய மட்டுமா பாப்போம்? நெடுக்க ஓடுற பாவையும்தான் பாக்கணும். அந்தப் பொண்ணப் போட்டு எல்லாரும் பாத்தாச்சு. நீ போய்க் காட்டுப்பா."

தர்மன் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனான். முதலில், வரிசை மாறி நின்றதால் அவனைக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கே அனுப்பப் பார்த்தார்கள். பண்ணிக்கொண்டால் பிளாஸ்டிக் வாளி தருவோம் என்று ஆசை வேறு காட்டினார்கள். தப்பித்துச் சரியான அறைக்குப் போனால், மறுமுறை வரும்போது சுத்தமான பாட்டில் ஒன்று கொண்டுவரச் சொன்னாள் நர்ஸ். சாயக்காரனுக்குச் சுத்தம் என்றால், பட்டு நூலை வேகவைக்கிற சவுக்காரமும் சோடாவும்தான். பாட்டிலை அதில் போட்டுக் கொதிக்கவிட்டான். மனசு கேட்காமல் இன்னொரு முறையும் அதே தண்ணீரில் முக்கி எடுத்து, அப்படியே மூடியைத் திருகிக் கொண்டுபோனான். விந்துச் சோதனையில் ஒன்றுகூட உயிரோடு இல்லை என்று வந்தது.

"இன்னாத்துலபா கழுவுன?" என்று கேட்ட டாக்டர், பதிலைக் கேட்டு மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாராம். "அதுல யானையப் போட்டாலும் செத்துடும். இந்தத் தடவை நாங்க குடுக்குற பாட்டில்ல குடு."

இரண்டாவது சீட்டில் ஒரு சிசிக்கு நாற்பது லட்சம் என்று வந்தது. தர்மனுக்குத் தலைகால் புரியவில்லை. "காஞ்சிபுரத்துலயே லட்சம் பேருதான் சார் இருக்குறாங்க" என்றான்.

"ஊரு ஜனத்தொகைய விடுபா. இதுக்குக் குறைஞ்சது ரெண்டு கோடி இருக்கணும். உன்னோடதுல பத்துல ஒண்ணுதான் ஓடுது, மிச்சமெல்லாம் உக்காந்துக்கினு இருக்குது. நீ இன்னா வேலை பாக்குற?"

தர்மன் சொன்னான். டாக்டர் பேனாவை மூடிவைத்தார்.

"அந்த உறுப்ப மட்டும் ஆண்டவன் ஏன் உடம்புக்கு வெளியில வெச்சான்? அதுக்குச் சூடு ஆவாது. நீ அதக் கொண்டுபோய் அடுப்புக்கு நேரா நிக்க வெச்சிருக்குற. மூணு மாசம் தள்ளி நில்லு. புதுசா உண்டாக அவ்ளோ நாள் ஆவும். அப்புறம் மறுபடி சோதிக்கலாம். ஒரு சீட்ட வெச்சு முடிவு கட்டிக்காத."

தர்மன் வீட்டுக்கு வந்து மனைவியிடமும் அப்பாவிடமும் ஒன்றுவிடாமல் சொன்னான். கண்ணாயிரம் ம் கொட்டிக்கொண்டே கேட்டார். மறுநாள் காலையில் தர்மன் எழுந்து வருவதற்குள் கிழவர் கொப்பரைக்கு முன்னால் நின்றார். "தள்ளு. உனக்கு அரக்கு நிறம் வர மாட்டேங்குது" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

தெரு சிரித்தது. தர்மன் போடுகிற அரக்குக்கு அந்தத் தெருவில் ஈடு கிடையாது. கிழவர் கண்ணுக்கோ அரக்கும் மண்ணும் ஒன்று. அன்றிலிருந்து சில முகூர்த்தப் புடவைகள் புளிக்குழம்பு நிறத்தில் போயின. கடைக்காரர்கள் வந்து கத்தினார்கள். "பையன் கெடுத்துட்டான், நான்தான் சரிபண்ணிக்கினு இருக்குறேன்" என்று கூசாமல் சொன்னார் கண்ணாயிரம். 'மாமா, உங்களுக்கு இந்த வயசுல இந்தச் சூடு எதுக்கு' என்று ரேணு ஒருநாள் தாங்கமாட்டாமல் கேட்டபோது, "எனக்கு இன்னாமா? வேக வேண்டியதெல்லாம் வெந்து முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மருமகளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அந்த மனுஷன்தான் இப்போது வாயைத் துணியால் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்.

அங்கம்மாள் கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். அவளுடைய பெரிய மகள் பெற்ற பேரன்கள் இருவர் பின்னால் நின்றார்கள்.

"பந்தம் புடிக்க என் பேரனுங்க இருக்குறானுங்க. அண்ணனை நான் அனாதையா அனுப்ப மாட்டேன். ஆனா தர்மா, உங்கப்பன் தலமாட்டுல நின்னு ஒரு வார்த்த சொல்லு. என் வள்ளியக் கட்டிக்கிறேன்னு சொல்லு. முறைப்பொண்ணுதான். இவளும் ஒரு மூலையில இருந்துட்டுப் போவட்டும்."

கடைக்குட்டி மகள் வள்ளி வாசல் தூணுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பெரியவர்கள் சிலர் தலையை ஆட்டினார்கள். நியாயம்தானே என்றார் ஒருவர்.

ரேணுவுக்குப் பயம் வந்தது. பிணத்தின் தலைமாட்டில் கொடுத்த வார்த்தையை இந்தத் தெருவில் யாரும் திரும்ப வாங்கியதில்லை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூடமே வாயடைத்துப்போகும். ஆனால் அவள் சொன்னால் அது பழி. புருஷன் சொன்னால்தான் சேதி. அவனோ பெரியவர்கள் முன்னால் தண்ணீர் வேண்டும் என்று கேட்கவே மூன்று தடவை கனைக்கிற ஆள். தலையைக் குனிந்துகொண்டு கால் கட்டைவிரலைப் பார்த்தபடி நின்றான்.

"இன்னா யோசன? வயசான அப்பன நெருப்பண்ட நிக்க வெச்சிட்டுப் பொண்டாட்டி பின்னாடி திரிஞ்சவன்தானே நீ. இவ உனக்கு மருந்து வெச்சிருக்கா."

தர்மன் கனைத்தான்.

"அத்தே. அவமேல ஒண்ணும் இல்ல. கொற என்னுது."

அங்கம்மாளுக்குப் புரியவில்லை. "இன்னாது உன்னுது?"

"பட்டணத்துல சோதிச்சாங்க. ரெண்டு கோடி இருக்கணுமாம். எனக்கு நாப்பது லட்சம்தான் இருக்குது."

பறை அடிக்கிறவர்களுக்கு ஜாடை காட்ட வந்த கலியன் கையைத் தூக்கியபடியே நின்றுவிட்டான். எது நாற்பது லட்சம் என்பது கூட்டத்தில் ஒவ்வொருவராக விளங்கியது. ஆண்கள் பாடையைப் பார்த்தார்கள், பெண்கள் ஆண்களைப் பார்த்தார்கள்.

"நாப்பது லட்சம் போதாதாப்பா?" என்றான் கலியன் மெல்ல.

"போதாதாம். அதுலயும் பத்துல ஒண்ணுதான் ஓடுது." அளவு விஷயத்தில் தர்மனுக்குப் பொய் வராது. "கொப்பரச் சூடு ஆவாது, தள்ளி நில்லுன்னாரு டாக்டரு. அதுக்குத்தான் அப்பா என்னத் தள்ளிட்டு அவரு நின்னாரு. எனக்கு நிறம் வரலன்னு அவரு சொன்னதெல்லாம் பொய், அத்தே. எனக்கு நல்லாவே வரும்."

அதைச் சொல்லும்போதுதான் காலையிலிருந்து வராத அழுகை அவனுக்கு வந்தது. கூடத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை, வந்தவர்களும் விழுங்கிக்கொண்டார்கள்.

அங்கம்மாள் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து அவர் நெற்றியைத் தடவினாள்.

"உனக்குத்தான் கண்ணே தெரியாதே, அண்ணா" என்றாள். "அந்தக் கண்ண வெச்சுக்கினு அரக்குப் போட்டியா நீ?"

இரண்டு கண்ணாலும் அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு பேரன்கள் பக்கம் திரும்பினாள். "இன்னாடா பாத்துக்கினு நிக்குறீங்க? தாத்தனுக்குப் பந்தம் புடிங்க." வள்ளியைப் பற்றி மறுபடி பேசவில்லை. ரேணுவின் கையிலிருந்து பந்தங்களை வாங்கும்போது மட்டும், அவள் முகத்தைப் பார்க்காமல், "நெய் இன்னும் கொஞ்சம் ஊத்துமா, அணைஞ்சுடப் போவுது" என்றாள்.

பறை அதிர்ந்தது. பாடையைத் தூக்க நாலு பேர் குனிந்தார்கள். தர்மனுக்குப் பக்கத்தில் தோள்கொடுக்க வந்தவர் மாகறல் காசிநாதன், தூரத்துப் பங்காளி முறை. பிள்ளைக்காக இரண்டாம் கல்யாணம் பண்ணிக்கொண்டு, அதிலும் பிள்ளை இல்லாமல், இரண்டு பெண்டாட்டிகளும் மலடிகளாக வாய்த்தார்களே என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தவர். வாசற்படி தாண்டும்போது அவர் தர்மன் காதண்டை சாய்ந்து முணுமுணுத்தது ரேணுவுக்கு நன்றாகக் கேட்டது.

"ஏம்பா, ரெண்டு கோடின்னா சொன்னாரு?"

"ஆமாண்ணா."

"அந்த டாக்டரு எந்தக் கெழமையில பாப்பாரு?"

"காரியம் முடிஞ்சதும் நானே போவணும். மறுபடி சோதிக்கச் சொல்லியிருக்குறாரு. கூட வாங்க" என்றான் தர்மன். பிறகு நினைவு வந்து, "பாட்டில் எதுவும் கொண்டாராதீங்க" என்றான்.

பறைச் சத்தம் தெருமுனை திரும்பியதும் பெண்கள் தலைமுழுகக் கொல்லைக் கிணற்றடிக்குப் போனார்கள். காசிநாதனின் இரண்டு மனைவிகளும் கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. இளையவள் வந்த வருடத்திலிருந்து ஒருத்திக்கொருத்தி பேச்சில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மூத்தவள் ஒரு வாளி தண்ணீர் இழுத்தாள். தன் தலையில் ஊற்றப் போனவள் கையை நிறுத்தி, எட்ட நின்ற இளையவளைப் பார்த்தாள்.

"வா, குனி" என்றாள்.

இளையவள் வந்து குனிந்தாள். மூத்தவள் நிதானமாக ஊற்றிவிட்டு, அடுத்த வாளியைக் கிணற்றில் விட்டாள். கயிற்றுக்குக் காத்திருந்த ரேணு அவசரப்படுத்தவில்லை.