காருக்குப் பதிலாக

"கார் வேண்டாம் மைனி" என்றாள் சீனியம்மாள்.

காப்பித் தட்டோடு வந்த கோமதித்தாய் நிமிர்ந்து பார்த்தாள். இளைய மகள் சங்கரேஸ்வரியைப் பேசி முடிக்க சிவகிரியிலிருந்து வந்திருக்கும் மாப்பிள்ளையின் அம்மா இப்படிச் சொல்லுவாள் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை.

மூத்தவள் சண்முகப்ரியாவைக் கொன்றது ஒரு கார்தான். மேலே ஏறிய கார் இல்லை, வாங்கிக் கொடுக்காத கார். பருத்தி எடுத்ததும் பார்ப்போம் என்றே மூன்று வருஷத்தை ஓட்டினார் அவள் அப்பா ஆறுமுகச்சாமி. மாமியார் வீட்டுப் பேச்சுப் பொறுக்காமல் பிள்ளை தூக்கில் தொங்கிவிட்டாள். "யம்மா, அப்பாட்ட காருக்குச் சொன்னியா?" என்று போனில் கேட்ட குரல், ஹாரன் சத்தம் கேட்கும்போதெல்லாம் கோமதித்தாயின் காதில் விழும். சித்திரையில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நகராட்சி காரைத் தடுத்து மினிபஸ் விட்டபோது ஊரே புலம்பியது. அவள் ஒருத்திதான் கோயிலில் நெய்விளக்கு ஏற்றினாள். ஆனாலும் குரல் போகவில்லை. தெரு அடங்கியதில் இன்னும் துலக்கமாகக் கேட்டது.

"எம் மகனுக்கு வேல இந்த ஊர்லதான். தெருவுக்குள்ள காரே விடமாட்டுக்காவ, வாங்கி எங்கன நிறுத்த?" சீனியம்மாள் சிரித்தாள். "அதுக்குப் பதிலா, ஸ்டேஷன் பக்கத்துல அடுக்குமாடி கட்டுதாவல்லா, அதுல ஒரு வீட்ட எம் மகன் பேர்ல எழுதிருங்க. பஸ்ஸும் ரயிலும் வாசல்லயே. காலத்துக்கு ஏத்தாப்ல நாமளும் மாறணும்லா?"

ஆறுமுகச்சாமி செருமிக்கொண்டார். "பருத்தி எடுத்ததும் பாப்போம்மா."

"யம்மா, அப்பாட்ட வீட்டுக்குச் சொன்னியா?"

கோமதித்தாய் திடுக்கிட்டுத் திரும்பினாள். அடுக்களை வாசலில் நின்ற சங்கரேஸ்வரி வாயே திறக்கவில்லை. காதில் விழுந்த குரல் என்னவோ இளையவளுடையதுதான்.

"மூத்த பிள்ளைக்கு மஞ்சக்காமாலைன்னு சொன்னாவ. இவளுக்கு அப்படி ஒண்ணும் இல்லியே?" என்றாள் சீனியம்மாள்.

இளையவள் கல்யாணம் தட்டிப்போகக் கூடாதென்று ஊருக்கெல்லாம் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். பெற்ற வயிறே அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தது.

கோமதித்தாய் தட்டைக் கீழே வைத்தாள்.

"காமாலை இல்ல மைனி. மாப்பிள்ள வீட்டுல கார் கேட்டாவ. நாங்க குடுக்கல. நாண்டுக்கிட்டுச் செத்தா."

"ஏட்டி!" என்று எழுந்தார் ஆறுமுகச்சாமி.

சீனியம்மாள் தட்டிலிருந்து ஒரு காப்பியை எடுத்துக்கொண்டாள்.

"பாவந்தான். அப்போ, அந்தக் காருக்கு வச்சிருந்தது அப்படியேதான இருக்கும்?"

கோமதித்தாய் போய் வாசல் கதவை அகலத் திறந்தாள்.

"மினிபஸ் வாசல்லயே நிக்கும் மைனி. ஏறுங்க."