தகப்பன் என்று எழுதிய மனு

தம்பி மாரிசாமி உயிரோடு இருக்கிறான் என்ற சேதி வந்த மாசமே செல்லக்கனியின் மகளுக்குக் கல்யாணமும் கூடி வந்தது. தையில் முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் அதற்கு மேல் ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள்.

மாரிசாமி பட்டாளத்துக்காரன். சிங்கப்பூரில் ஜப்பான்காரனிடம் பிடிபட்டு, அங்கேயே சுதந்திரப் படையில் சேர்ந்து, பிறகு பர்மாவில் வெள்ளைக்காரனிடம் பிடிபட்டான். இப்போது வடக்கே ஏதோ ஒரு முகாமில் யுத்தக் கைதி. கல்யாணம் ஆகாதவன். அக்கா மகள் குருவம்மாளைத் தோளை விட்டு இறக்காமல் வளர்த்தவன் அவன்தான்.

கல்யாணத்தில் தாய்மாமன்தான் பெண்ணுக்கு நெற்றிப்பட்டம் கட்டி, மாலை போட்டு, கையைப் பிடித்து மணையில் உட்கார்த்த வேண்டும். கூடப் பிறந்தவன் இருக்கும்போது அந்த இடத்தில் ஒன்றுவிட்ட மாமன் வந்து நின்றால் என்ன அர்த்தம்? நாலு வருஷமாக ஊர் அவனைச் செத்தவனாகத்தான் பேசிற்று. இனி ஒரு வாய் அப்படிப் பேசக் கூடாது என்று செல்லக்கனி ஒற்றைக்காலில் நின்றாள்.

மனுப் போட்டால் பரோலில் பத்து நாள் விடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், புருஷன் சங்கையாவை இழுத்துக்கொண்டு ராஜபாளையத்தில் கரியில் ஓடும் பஸ் ஏறிவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் ஞானராஜ் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"கைதி, பொண்ணுக்கு என்ன வேணும்?"

"தாய்மாமன்."

ஞானராஜ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பெண்டாட்டி, பிள்ளை, பெத்தவுக, இவுகளுக்குன்னாத்தான் விடுவான். தாய்மாமன்னா துரைக்கு என்ன தெரியும்? அவிய ஊர்ல மாமன், கல்யாணத்துக்கு வந்து கேக்கு தின்னுட்டுப் போற ஆளு."

"அப்ப தகப்பன்னு எழுதுங்க."

சங்கையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏட்டி, அப்ப நான் யாரு?"

"நீரு செத்த நேரம் சும்மா இரும். காயிதத்துலதான. கல்யாணத்துல நீருதான் தகப்பன், யாரு இல்லைன்னா?"

பொய் எழுதுவது ஞானராஜுக்குப் புதிதல்ல. மாட்டிக்கொள்வதுதான் அவருக்குப் பயம். "ஒம்ம தம்பியக் கூப்பிட்டு விசாரிப்பான் தாயி. அவருக்கு முன்கூட்டித் தெரிஞ்சிருக்கணும். கடுதாசில எழுதலாம்னா, முகாமுக்குப் போறதை உடைச்சுப் படிச்சுட்டுத்தான் குடுப்பான்."

"அவன் தூக்கி வளத்த பிள்ளை. கேட்டா எம் பிள்ளைன்னுதான் சொல்லுவான். எந் தம்பிய எனக்குத் தெரியாதா?"

என்ன தைரியம் பாருங்கள்! சங்கையா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். வேண்டாம் என்று மட்டும் அவன் சொல்லவில்லை. மைத்துனன் மேல் அவனுக்கும் உசிருதான். மனு போயிற்று.

மார்கழிக் கடைசியில் ஒரு வரியில் பதில் வந்தது. உறவு மெய்ப்பிக்கப்படாததால் மனு தள்ளுபடி. மறுபடியும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடினார்கள். இப்போது தாய்மாமன் என்று மாற்றி எழுதினால் முதல் மனுவில் பொய் சொன்னது யார் என்று கேட்பான், மூன்று பேருக்கும் கம்பிதான் என்று ஞானராஜ் கையை விரித்துவிட்டார். மறுநாள் செல்லக்கனி ஒன்றுவிட்ட தம்பி பால்சாமிக்கு வெற்றிலை பாக்கு வைத்து மாமன் முறை செய்ய அழைத்துவிட்டு வந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், வீடு நிறைய ஆள் இருக்கும்போது மாரிசாமியின் கடிதம் வந்தது. செல்லக்கனி மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது வரை படித்த குருவம்மாள்தான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள்.

"அக்காவுக்கு, நான் சுகம். இங்கே ஒரு கூத்து நடந்தது. துரை என்னைக் கூப்பிட்டு, பெண் பேர் ஊர் ஏதும் சொல்லாமல், உன் மகளுக்குக் கல்யாணமாமே என்று மட்டும் கேட்டார். கல்யாணமே ஆகாதவனுக்கு மகள் ஏது துரை என்றேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். வேறு எந்த மாரிசாமிக்கோ வந்த மனு போல. பாவம், அவனைத் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. நம் குருவம்மாளுக்கு நாள் குறித்தாயிற்றா? குறித்ததும் மனுப் போடு. தாய்மாமன் என்று உள்ளதை எழுது. இந்தத் துரை மதுரைப் பக்கம் ரொம்ப நாள் இருந்தவர், நம் முறையெல்லாம் அத்துபடி. போன வாரம்கூட மேலூர்க்காரன் ஒருத்தனை அக்கா மகள் சடங்குக்கு அனுப்பி வைத்தார்."

குருவம்மாள் கடிதத்தை மடித்தாள். அவளுக்கு மனு விஷயம் எதுவும் தெரியாது. "யாரோட மனும்மா அது? யாரு இப்படிப் பொய்யா எழுதிப் போட்டது?"

"நாந்தாண்டி," என்றாள் செல்லக்கனி. "வரவேண்டியவனை வரவிடாமப் பண்ணுனது நாந்தாண்டி."

மஞ்சள் கையோடு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வந்திருந்த பெண்டுகள் ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். மகளை அனுப்புகிற அழுகைதானே, நாளைக்கு அழவேண்டியதை இன்றைக்கே அழுது தீர்க்காதே என்று ஆளுக்கொரு பக்கம் தேற்றினார்கள்.