தலையைத் தாங்கும் கை

ஸுலைஹாவின் மையத்தை, அவளது உயிரற்ற உடலைக் குளிப்பாட்டிய அறைக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். உம்மு குல்சும் ஆகிய நான். என் கணவர் மக்பூல் ஹாஜியாரின் தங்கை முனீரா. என் மருமகள் அஃப்னா. ஸுலைஹாவின் ஒரே மகள் பஸ்மியா. சுடுதண்ணீர் கொண்டுவந்த பெண்கள் வாசலோடு நின்றார்கள். திரைக்கு இந்தப் பக்கம் வேறு ஒருவரும் வரவில்லை. வர நான் விடவுமில்லை.

தலவாக்கலையில் எங்கள் ஜமாஅத்துப் பெண் ஒருத்தி மௌத்தானால் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் ஆள் வரும். என் மாமியார் குளிப்பாட்டினார். அவருக்குப் பின் நான். அந்த அறையில் கண்டதை வெளியே சொல்வதில்லை. எந்தப் பெண்ணின் உடம்பில் என்ன தழும்பு இருந்தது என்பது என்னோடு மண்ணுக்குப் போகும். எங்கள் வீட்டின் மரியாதை துணிக்கடையால் வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அது இதனால் வந்தது.

ஸுலைஹா என் சாச்சியின், உம்மாவின் தங்கையின், மகள். படுக்கையில் விழுந்த நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்தா, என்னய வேற யாரும் குளிப்பாட்டக் கூடாது. நீங்கதான்" என்றாள். சரி என்றேன். அவளுடைய மெலிந்த பிடியிலேயே எனக்கு முழங்கை வரை நொந்தது. முகத்தில் காட்டவில்லை.

எனக்கு மூட்டுவாதம் வந்து பல வருடம். அதை நான் மறைத்ததில்லை. விரல்கள் வளைந்திருப்பதை எவரும் பார்க்கலாம். இரத்த ரிப்போட்டிலும் இருக்கிறது. ஆனால் போன வருடம் வந்த நோவு வேறு. தொடை, விலா, தோள், பிடரி என்று மூட்டே இல்லாத இடங்களில் நொந்தது. தூங்கி எழுந்தால் இரவெல்லாம் மூட்டை சுமந்தவள்போல் இருக்கும். பேரன் ஓடிவந்து கட்டிப்பிடித்தால் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

அஃப்னாதான் என்னை நுவரெலியா கிளினிக்குக் கூட்டிப்போனாள். லேடி டொக்டர் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். மூட்டுவாதம் மருந்துக்கு அடங்கியிருக்கிறது. இது அதோடு சேர்ந்து வரக்கூடிய இன்னொன்றாக இருக்கலாம்: ஃபைப்ரோமயால்ஜியா. இரத்தத்திலும் தெரியாது, எக்ஸ்ரேயிலும் தெரியாது. வேறு காரணம் ஏதும் இல்லையென்று இன்னும் கொஞ்சக் காலம் பார்க்க வேண்டும்.

"இருக்கலாம் என்றால்? இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டேன்.

"பேர்தான் இன்னும் நிச்சயமில்லை அம்மா. நோவு நிச்சயம்தான்" என்றார்.

வீட்டில் மக்பூல் ஹாஜியார் அந்தப் பேரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "இத சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஆளுக்கு சொகமாயிடுமே!"

முனீரா சிரித்தாள். "வயசுட நோவு மதினி. எனக்கும்தான் முதுகு புடிக்குது. நான் அதுக்குப் பேர் வச்சா கூப்பிடுறேன்?"

இந்தப் பேச்சு வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்று அன்றே சொல்லிவிட்டேன். காட்ட ஒரு ரிப்போட் இல்லாத நோய் வருத்தத்தை ஊரில் சொன்னால் அதைச் சாட்டு, வேலைக்குத் தப்பும் சாக்கு என்பார்கள். எங்கள் வீட்டில் எவரும் சாட்டுச் சொன்னதில்லை.

ஸுலைஹா மௌத்தான அன்று காலையிலிருந்தே பனி விலகவில்லை. அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போகும் பாதை தேயிலை மலைக்கு நடுவே ஏறுவது. மழை பிடித்தால் கால் நிற்காது. சீக்கிரம் முடிக்கச் சொல்லி ஆண்கள் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

புறப்படும்போது அஃப்னா வழிமறித்தாள். "மாமி, நேத்து சீல மடிக்கவே ஒங்களுக்குக் கைய தூக்க ஏலல்ல. இன்டைக்கு முனீரா மாமி புடிக்கட்டும்."

"நான் சொல் குடுத்தவ."

"சொல் குடுத்தது நீங்க. கைட்ட கேட்டீங்களா?"

செருப்பைப் போட்டேன்.

மையத்தைச் சற்று நிமிர்த்தி, முதுகுக்கு முழங்காலை அணையாகக் கொடுத்து, வலது கையால் பிடரியைத் தாங்கிக்கொண்டு, இடது கையால் வயிற்றை மெதுவாகத் தடவ வேண்டும். உயிருள்ளவருக்குப் போலவே நோகும் என்று நினைத்துத் தொட வேண்டும். அந்த வலது கை அசையவே கூடாது.

நிமிர்த்தினேன். தோளிலிருந்து விரல் நுனிவரை தீ இறங்கியதுபோல் இருந்தது. விரல்கள் தாமாக விரிந்துவிட்டன. ஸுலைஹாவின் தலை பின்னால் சாய்ந்தது. பலகையில் படுமுன் முனீரா இரண்டு கையாலும் ஏந்திவிட்டாள்.

"உம்மா!" என்று பஸ்மியா கத்தியது வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். "ஏன் பெரியும்மா உம்மாட தலைய உட்டீங்க?"

பலகை வழுக்கியது என்று சொல்லியிருக்கலாம். மையத்தை வைத்துக்கொண்டு சொல்ல வாய் வரவில்லை.

"எனக்கு ஒரு வருத்தம் ஈக்கு மகள். மூட்டுவாதம் இல்ல, வேற. டொக்டருக்கே இன்னம் நிச்சயமில்ல. கை சொல்லாம கொள்ளாம உட்டுடும். தெரிஞ்சிட்டுத்தான் வந்தேன். பிழை என்ட."

பஸ்மியா கண்ணைத் துடைத்தாள். "அப்ப நீங்க உம்மாவத் தொட மாட்டீங்களா?"

"தொடுவேன். தூக்க மாட்டேன்."

முனீரா என் இடத்துக்கு வந்தாள். கேலி ஒன்றும் பேசவில்லை. "மதினி, ஸ்டூல்ல இருந்து ஊத்துங்க. நான் புடிக்கிறேன்."

அந்த அறையில் நான் ஒருநாளும் உட்கார்ந்தவளில்லை. உட்கார்ந்தேன். சின்னக் கோப்பையால் நான் ஊற்ற, முனீரா பிடிக்க, அஃப்னா திருப்பினாள். கூந்தலை மூன்றாகப் பின்னியது நான்தான். நேரம் எடுத்தது. வெளியே ஆண்கள் அவசரப்படுத்தினார்கள். உள்ளே ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

ஒரு கிழமைக்குள் கடையிலிருந்து மக்பூல் ஹாஜியார் அந்தக் கதையைக் கொண்டுவந்தார். ஸுலைஹாவின் மையத்து கல்லாகக் கனத்ததாம். உம்மு குல்சுமாலேயே தூக்க முடியாமல் போனதாம். யாருடைய மனத்தையோ நோகடித்து மன்னிப்புக் கேட்காமல் போனவளாம், அதனால்தான் அந்தக் கனமாம். மரக்கறிக் கடையில் பஸ்மியாவின் காதிலேயே விழுந்து, அவள் வாங்கியதையும் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறாள்.

"பேசாம இரு" என்றார் அவர். "தானா அடங்கிடும். வாயத் தொறந்தா ஒன்ட வருத்தத்தச் சொல்ல வரும். பொறகு மையத்துக்கு நம்ம வீட்டுக்கு யாரு வருவா?"

"முனீராட வீட்டுக்குப் போகட்டும். அவ ஒங்கட தங்கச்சிதானே."

"ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் இப்பவும் சொல்லிட்டுத்தானே ஈக்கு. மையத்தப் பத்தி."

அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

வியாழக்கிழமை குர்ஆனிலிருந்து யாஸீன் ஓத ஸுலைஹாவின் வீட்டில் பெண்கள் கூடினார்கள். ஓதி முடிந்து தேத்தண்ணீர் வருமுன் எழுந்து நின்று சொன்னேன். அங்கே சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

ஸுலைஹாவின் மையத்து கனக்கவில்லை. படுக்கையில் கிடந்து வற்றிய உடம்பு அது. முனீரா ஒருத்தியாகவே தாங்கினாள். தலை சாய்ந்தது என் கை விட்டதால். எனக்கு மூட்டுவாதம் இருக்கிறது. அதோடு ஃபைப்ரோமயால்ஜியா என்ற வருத்தமும் இருக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். இதில் ஸுலைஹாவின் குற்றம் ஒன்றும் இல்லை.